பரமேஷ் – கோணேஷ் கச்சேரியை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உவர்மலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளாக மனதுக்குள் கிடந்ததை இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எங்கள் திருகோணமலைப் (திருமலை என்போம்) பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் மேடையில் கிற்றார் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பா சைக்கிளின் முன் பாரில் துவாயை மடித்துப் போட்டு, அதில் என்னை இருத்தி, உவர்மலையிலிருந்து பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் ஒன்று என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் வீதியெல்லாம் தண்ணீர் தெளித்து, வாழை கட்டி, வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்திருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த படங்கு காற்றில் படபடவென்று அடித்ததும், கண்ணுக்குள் மண் விழுந்து நான் அழுததும், அப்பா தன் சால்வையால் என் முகத்தை மூடிவிட்டதும் கூட ஞாபகம் இருக்கிறது. அண்ணா இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. அது பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த வேறு ஏதோ விழா, நீ குழப்புகிறாய் என்கிறார்.

எது எப்படி இருந்தாலும் அந்த முதல் சத்தத்தை நான் குழப்பவில்லை. அதற்கு முன் எனக்குத் தெரிந்த வாத்தியங்கள் என்றால் கோயில் நாதஸ்வரமும் தவிலும், பள்ளிக்கூட ஆர்மோனியமும், பெரியம்மா வீட்டு வீணையும்தான். மேடையில் நின்றவர் ஒரு கம்பியைத்தான் தட்டினார், அது றேடியோவில் கேட்ட பாட்டின் மெட்டு, ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்குழியில் விழுந்தது. நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாட்டுக்கு வார்த்தை இல்லை, யாரும் பாடவும் இல்லை, ஆனால் சுற்றி இருந்த சனம் எல்லாம் வாய்க்குள் அந்த வரிகளைப் பாடிக்கொண்டிருந்தது.

அவர்களின் ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ்ப் பாட்டு இசைத்தட்டு அதுதான் என்று அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார், அது நம் ஊர்ப் பிள்ளைகள் போட்டது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. 90ஆம் ஆண்டு வீட்டை விட்டுவிட்டு ஓடினோம், திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, இசைத்தட்டும் இல்லை, அப்பா எடுத்து வைத்திருந்த படங்களும் இல்லை. அப்பா போய் ஒரு வருடமாகிறது. அந்தப் பாட்டை இப்போது யூடியூபில் கேட்க முடிகிறது, ஆனால் அந்த இரவுகளை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பார்த்தவர்களின் தலைக்குள் இருப்பது மட்டும்தான் மிச்சம். அதனால்தான் கேட்கிறேன். எங்கே நின்று பார்த்தீர்கள், மேடை எப்படி இருந்தது, அந்தக் கிற்றார் எப்படி நம் பாட்டைப் பாடியது, எதுவென்றாலும் சரி, எழுதுங்கள். நான் ஒரு கொப்பியில் எழுதி வைக்கப்போகிறேன்.

டைக் வீதிக்காரன்:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு இப்போது 74 வயது. அந்த நாட்களில் பட்டணத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை ஒன்றில் உதவியாளாக இருந்தேன். மேடைக்குப் பக்கத்தில், சில நேரம் மேடைக்குக் கீழேயே, வயர்களோடு இருந்து கேட்டவன் நான்.

முதலில் உங்கள் அண்ணாவின் சண்டையைத் தீர்த்து வைக்கிறேன். நீங்கள் இரண்டு இரவுகளை ஒன்றாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறைகுடமும் வாழையும் நகர்வலத்துக்குரியவை, அது மாசி மாதம். படங்கை அடித்துக் கண்ணில் மண் தூவியது கச்சான் காற்று. கச்சான் வைகாசிக்குப் பிறகுதான் எழும்பும், மேற்கே இருந்து காய்ந்து சூடாக வரும், ஊரே தூசியாகும். ஆகவே அப்பா உங்களை ஒரு தரம் அல்ல, இரண்டு தரமாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணா சொல்கிற மைதானமும் சரியாகத்தான் இருக்கும்.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நெஞ்சுக்குழியில் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏன் என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ஊரில் ஒலிபெருக்கி என்றால் மரத்தில் கட்டும் கூம்புதான். கூம்பு தூரத்துக்குக் கேட்கும், ஆனால் அதில் கீழ்ச்சத்தம் வராது, எல்லாம் மூக்கால் பேசுவது போல இருக்கும். எலெக்ட்ரிக் கிற்றாருக்குப் பெட்டி ஸ்பீக்கர் வேண்டும். கம்பிக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கிறது, இரும்புக் கம்பி அதிர அதிர அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது, அதை அம்ப்ளிபையர் பெருப்பித்துப் பெட்டியின் பெரிய கடதாசிக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகிறது. முன்வரிசையில் பாயில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் காற்றுத்தான் நெஞ்சில் பட்டது. வாழ்க்கையில் முதல் தரம் அப்படி ஒரு சத்தத்துக்கு முன்னால் இருந்திருக்கிறீர்கள், மறக்க முடியுமா?

அம்ப்ளிபையர் எல்லாம் வால்வு என்கிற கண்ணாடிக் குழாய் போட்டவை. கச்சேரி தொடங்க முன்பே போட்டுச் சூடாக்க வேண்டும், இருட்டில் பார்த்தால் உள்ளே செம்மஞ்சளாக மினுங்கும், மெல்லிய ஊங்காரம் ஒன்று வரும். அந்த ஊங்காரம் கேட்டவுடனே சனம் அமைதியாகிவிடும், இனித் தொடங்கப்போகிறார்கள் என்று தெரியும். இரவு ஏழு எட்டு மணிக்கு ஊரெல்லாம் லைட் போட மின்னழுத்தம் இறங்கிவிடும், அப்போது அம்ப்ளிபையரின் சத்தம் கொஞ்சம் கரகரத்துப் போகும். இன்றைக்கு அந்தக் கரகரப்புக்காகப் பெடியன்கள் காசு கொடுத்துத் தனிப் பெட்டி வாங்குகிறார்கள். எங்களுக்கு அது மின்சாரத்தோடு சும்மா வந்தது.

கம்பிதான் பெரிய பாடு. 70இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிவிட்டது, 77 வரைக்கும் கிற்றார்க் கம்பி கடையில் கிடைப்பது அருமை. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் கப்பற்காரரிடம் சொல்லி வைப்போம். அதோடு நம் ஊர்க் கடற்காற்றில் புதுக் கம்பியும் இரண்டு கிழமையில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் சீலைத் துணியால் துடைப்பார்கள். செத்துப்போன கம்பியைக் கழற்றிக் கொதி தண்ணீரில் போட்டு எடுத்தால் அழுக்கும் வியர்வையும் போய் இரண்டு மூன்று நாளைக்குப் புதுக் கம்பி போலப் பேசும். எங்கள் கடையில் தேத்தண்ணீருக்கு வைத்த கேத்தலில் கம்பி அவித்திருக்கிறோம்.

அந்தச் சகோதரர்கள் மேடையில் எப்படி நின்றார்கள் என்று கேட்டால், நான் பார்த்த இரவுகளில் ஆட்டம் பாட்டம் இல்லாமல், கையைப் பார்த்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஒரு கிற்றார் மெட்டைச் சொல்லும், மற்றது கீழே தாளத்தைப் பிடிக்கும், பிறகு மாறும். வீட்டில் சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள் கதைப்பது போல இருக்கும். சினிமாப் பாட்டின் சரணத்தில் பாடகர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே கிற்றாரும் நிற்கும். அதைக் கேட்டுத்தான் சனம் வாய்க்குள் பாடியது. நீங்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள்.

பாலையூற்றுப் பேரன்:

டைக் வீதி ஐயா கம்பியைப் பற்றி எழுதிவிட்டார், நான் தாளத்தைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

அந்தக் காலத்துப் பொப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், துள்ளிசை என்றும் சொல்வோம். நித்தி கனகரத்தினத்தின் பாட்டாக இருந்தாலும் மனோகரனின் பாட்டாக இருந்தாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் பைலாத் தாளம். கையால் தட்டிப் பாருங்கள், தகிட தகிட, தகிட தகிட என்று இரண்டு மூன்றாக வரும். இது கொழும்பிலிருந்து றேடியோவில்தான் நமக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பாலையூற்றில் அது றேடியோவுக்கு முன்பே இருந்தது. போர்த்துக்கேயர் வந்து கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள் என்று எல்லாரும் படித்திருக்கிறோம். அவர்களின் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இங்கேயும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று எங்களோடு எங்களாக, தமிழ் பேசிக்கொண்டு, வீட்டுக்குள் வயதானவர்கள் தங்கள் பழைய போர்த்துக்கேய மொழியும் பேசிக்கொண்டு. அவர்களின் கலியாண வீட்டில் வயலின், மேளம், கூட ஒரு கிற்றார் அல்லது மண்டலின் இருந்தால் போதும், கப்ரிஞ்ஞா தொடங்கிவிடும், சோடி சோடியாக ஆடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம், பிறகு உள்ளே கூப்பிட்டுக் கேக் தருவார்கள்.

அந்த வயலின்காரத் தாத்தா ஒருவர் இருந்தார். வயலினைத் தாடைக்குக் கீழே வைக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசிப்பார். அவர் காலால் தரையில் தட்டுகிற தட்டும், பிறகு வளர்ந்து கச்சேரி பார்க்கப் போனபோது மேடையில் டிரம்ஸ் வாசித்தவரின் கால் தட்டும் ஒன்றுதான். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, என் உடம்பு சொல்லியது. மேடையில் அந்தத் தாளம் தொடங்கியபோது என் கால் தானாக அசைந்தது, பக்கத்தில் நின்ற என் பறங்கிச் சிநேகிதனும் அதே நேரம் அசைத்தான், இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம்.

ஆகவே அக்கா, உங்கள் கொப்பியில் இதையும் எழுதுங்கள். எலெக்ட்ரிக் கிற்றார் புதுசாக வந்தது உண்மை. ஆனால் அதை வாங்கிக்கொள்ள இந்த ஊரின் காது ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஒரு பக்கம் சுரத்தை அசைத்து இழுக்கும் நாதஸ்வரக் கமகம், இன்னொரு பக்கம் கப்ரிஞ்ஞாத் தாளம். இரண்டையும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கையில் கிற்றார் கிடைத்தால் வேறு எப்படி வாசிப்பார்கள்?

மூதூர் மகள்:

நான் பரமேஷ் கோணேஷைப் பார்த்ததில்லை. ஆனால் மனோகரன் பாடியதைத் திருமலையில் பார்த்திருக்கிறேன், அதை எழுதலாம்தானே? வாப்பாவிடம் மூன்று நாள் கெஞ்சி, மாமியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மூதூரிலிருந்து லாஞ்சில் வந்தோம். அன்றைக்குக் குடாவில் அலை, மாமி வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தார். மனோகரன் மேடைக்கு வந்ததும் மாமிதான் முதலில் கைதட்டினார்! அவர் பாட்டோடு நின்றுவிடவில்லை, மேடையின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும் ஓடி, சனத்தைப் பாட வைத்து, ஒரு வரியைத் தமிழிலும் மற்ற வரியைச் சிங்களத்திலும் போட்டுக் கொடுத்தார். எனக்கு முன்னால் நேவிக் காரியாலயத்தில் வேலை செய்கிற சிங்களக் குடும்பம் ஒன்று, பின்னால் கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் அந்தப் பாட்டு முழுக்கத் தெரிந்திருந்தது. ‘சுராங்கனி’ பிறகு இந்தியா முழுக்கப் போனது, ஆனால் நாங்கள் அதற்கு முன்பே பாடியவர்கள். 2018 தை மாதம் அவர் சென்னையில் காலமான செய்தி வந்தபோது மாமியும் இல்லை. நான் தனியாக அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். கடைசி லாஞ்ச் போய்விட்டதால் அன்றிரவு திருமலையில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் படுத்திருந்து விடியும் வரைக்கும் கதைத்தது இன்றைக்கு நடந்தது போல இருக்கிறது.

உவர்மலைக்காரி:

டைக் வீதி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கச்சான் காற்று என்று வாசித்ததும் எழும்பிப் போய் அண்ணாவுக்கு போன் எடுத்தேன். அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம், அன்றைக்குக் கச்சான்தான், என்னுடைய தொப்பி பறந்துபோனது” என்றார். அவரும் கூட வந்திருக்கிறார்! அறுபது வயது வரைக்கும் இரண்டு பேரும் வேறு வேறு இரவுகளை வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறோம். அப்பா இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். சம்பளம் போதாத காலம் அது.

மூதூர்த் தங்கச்சி, எழுதலாமா என்று கேட்கவே தேவையில்லை. பாலையூற்றுத் தம்பி, அந்த வயலின் தாத்தாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். மற்றவர்களும் வாருங்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்களும்.

வெம்பிளி வாசி:

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் என்று சொன்னதால் வருகிறேன் அக்கா. நான் 84இல் லண்டன் வந்தவன், அப்போது 22 வயது. நான் சொல்லப்போவது திருமலைக் கச்சேரி இல்லை, ஆனால் அதோடு கட்டுப்பட்டது.

ஊரில் இருந்தபோது அண்ணா ஒருவரிடம் கசற் ஒன்று இருந்தது, டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற குழுவின் பாட்டுகள். 77க்குப் பிறகு கசற் றெக்கோடர் வீட்டுக்கு வீடு வந்த காலம். வார்த்தை ஒன்றும் விளங்காது, ஆனால் அந்தக் கிற்றார் எனக்கு விளங்கியது. அந்தக் குழுவில் கிற்றார் வாசிக்கும் மார்க் நாப்ளர் இடக்கைக்காரர், ஆனால் வலக்கைக்காரர் மாதிரித்தான் கிற்றாரைப் பிடிப்பார், கம்பியைத் தட்டுகிற சில்லுத் துண்டு இல்லாமல் பெருவிரலாலும் மற்ற இரண்டு விரலாலும் கிள்ளி வாசிப்பார். வீணை வாசிக்கிற கை போல. ஒரு சுரத்தை எடுத்துவிட்டு அடுத்ததுக்கு அவசரப்பட மாட்டார். அந்த இடைவெளியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மக்கெய்சர் மைதானப் பக்கம் சின்ன வயதில் கேட்ட எங்கள் ஊர்க் கிற்றார்தான் ஞாபகம் வரும்.

85 யூலையில் அந்தக் குழு வெம்பிளி அரீனாவில் பல இரவுகள் தொடர்ந்து வாசித்தது. நான் இருந்த அறையிலிருந்து நடந்து போகிற தூரம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அந்தக் கிழமைச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டிய கிழமை அது, அதனால் பல நாள் மனது உறுத்தியது. பிறகு அம்மாவிடம் சொன்னேன், “நல்ல வேலை செய்தாய்” என்று எழுதியிருந்தார்.

உள்ளே பல ஆயிரம் பேர், எனக்கு ஒருவரையும் தெரியாது. கச்சான் கடலை விற்கிறவர் இல்லை, பாய் இல்லை, பிள்ளைகள் இல்லை. விளக்கு அணைந்தது. இருட்டுக்குள் ஒரு கிற்றார் தனியாகத் தொடங்கியது. டைக் வீதி அண்ணா எழுதினாரே, நெஞ்சில் படுகிற காற்று என்று, அது வந்தது. நான் கண்ணை மூடினேன். மூடியவுடனே கடல் மணம் வந்தது, உண்மையாகவே வந்தது, உப்பும் கருவாடும் கலந்த எங்கள் கரையின் மணம். 83 கலவரத்துக்குப் பிறகு, லண்டனுக்கு வந்த பிறகும் கூட, நான் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மனுசி ஒருவர் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையைத் தந்தார்.

அதே மாதம் 13ஆம் தேதி பக்கத்து ஸ்டேடியத்தில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லைவ் எய்ட் என்ற பெரிய கச்சேரி நடந்தது. இந்தக் குழு அங்கே பின்னேரம் வாசித்துவிட்டு, அவர்களுக்குப் பிறகு குயீன் என்ற குழு மேடை ஏற, இவர்கள் அரீனாவுக்கு நடந்து போய்த் தங்கள் சொந்தக் கச்சேரியை இரவு வாசித்தார்கள். நான் அதை அறையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். யன்னலைத் திறந்தால் ஸ்டேடியத்தின் சத்தம் நேராகவும் கேட்டது, தொலைக்காட்சியிலும் கேட்டது. உலகம் முழுக்கப் பார்க்கிற மேடை ஒன்று யன்னலுக்கு வெளியே, என் வீட்டுச் செய்தி வர மூன்று கிழமை.

அந்தக் குழுவின் புது இசைத்தட்டைக் கசற்றில் பதிந்து, ஊருக்குப் போகிற ஒருவரிடம் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். நாலு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. ஊரடங்குச் சட்ட இரவுகளில் கதவு யன்னல் எல்லாம் பூட்டி, சத்தத்தை மிகக் குறைத்து, றெக்கோடருக்குப் பக்கத்தில் தலையை வைத்துத் தானும் பக்கத்து வீட்டுப் பெடியனும் கேட்பதாகத் தம்பி எழுதினான். அவ்வளவு பெரிய அரங்கத்தில் நான் கேட்டதை அவன் ஒரு காது அளவுச் சத்தத்தில் கேட்டான். இரண்டு பேருக்கும் அதே இடத்தில்தான் பிடித்திருந்தது, ஒரு பாட்டில் கிற்றார் தனியாக வருகிற இடம்.

அதற்குப் பிறகு நாப்பது வருடத்தில் பல கச்சேரிகளுக்குப் போய்விட்டேன். பரமேஷின் மகள் பிரபாலினி பாடியதை ஒளிப்பதிவில் கேட்டபோதுதான் திரும்பவும் அந்த வாசனை வந்தது.

கோட்டடிப் பெடியன்:

வணக்கம். நான் இந்தத் திரியில் எழுத வயது போதாது, 26தான். ஆனால் மூன்று நாளாகப் பதில்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கிற்றார் வாசிக்கிறேன். கலியாண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் எங்கள் குழு வாசிக்கும், கீபோர்டில் எல்லாத் தாளமும் இருப்பதால் நான்கு பேரே போதும். ஆனால் இசைத்தட்டில் கேட்கிற அந்தப் பழைய வாசிப்பு என் கையில் வர மறுக்கிறது. சுரங்களை எல்லாம் சரியாக எடுத்துவிட்டேன். கமகம் வரவில்லை. நான் இழுத்தால் அது ஆங்கிலப் பாட்டு மாதிரி இருக்கிறது.

டைக் வீதி ஐயா, உங்களிடம் இரண்டு கேள்வி. அந்தக் காலத்துக் கம்பி தடிப்பானது என்று கேள்விப்பட்டேன், அப்படியென்றால் எப்படி இழுத்து வளைத்தார்கள்? மற்றது, உங்களை நேரில் பார்க்க வரலாமா? போனில் பதிவு செய்கிறேன், உவர்மலை அக்காவின் கொப்பிக்கும் உதவும்.

டைக் வீதிக்காரன்:

தம்பி, நல்ல கேள்வி. அப்போது வந்த கம்பிக் கட்டில் மூன்றாவது கம்பி சுற்றுக் கம்பியாக வரும், அதை இழுத்தால் விரல்தான் வெட்டுப்படும். அதனால் எங்கள் ஊர்ப் பெடியன்கள் அந்த இடத்தில் மெல்லிய வெறும் கம்பியைப் போட்டுக்கொண்டார்கள். இது ஒன்று. இன்னொன்று, எல்லாக் கமகத்தையும் இழுத்து எடுக்க வேண்டியதில்லை. நாதஸ்வரக்காரரிடம் கேட்டுப் பார். ஒரே கம்பியில் விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போய், சேர வேண்டிய சுரத்தைக் கொஞ்சம் தாண்டித் தொட்டுவிட்டுத் திரும்பி வா. நீ ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பி மாற்றுகிறாய் என்று நினைக்கிறேன், அதனால்தான் துண்டு துண்டாக வருகிறது. முதலில் பாட்டை வாயால் பாடு, எங்கே மூச்சு விடுகிறாய் என்று பார், அங்கே கையை எடு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வா, அதற்கு முன் நான் நித்திரை. வீட்டு விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். கிற்றாரைக் கட்டாயம் கொண்டு வா. அம்ப்ளிபையர்ப் பெட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, கடை மூடினபோது முதலாளி எனக்குத் தந்தது, வால்வு இரண்டும் வேலை செய்கிறது. இருபது வருடமாக அதில் யாரும் வாசிக்கவில்லை. மூன்று மணிக்கே போட்டுச் சூடாக்கி வைக்கிறேன்.

உவர்மலைக்காரி:

நானும் அண்ணாவும் வரலாமா?

டைக் வீதிக்காரன்:

வாருங்கள் தங்கச்சி. முற்றத்தில் பாய் போடச் சொல்கிறேன்.